ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு போகிறவரின் பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

ஆங்கிலம் கற்பிக்கும் வேலை கிடைத்து, ஓராண்டு ஒப்பந்தத்தில் வெளிநாடு கிளம்புகிற எல்லோருக்கும் வரும் கேள்விதான் இது. இரண்டு பெட்டிக்குள் எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்தால் அங்கே கிடைக்கிற பொருளுக்குப் பெட்டியில் இடம் கொடுக்காதீர்கள். எவ்வளவு காசு கொடுத்தாலும் அங்கே கிடைக்காதவை சில உண்டு. முறையாகச் சான்றொப்பம் பெற்ற உங்கள் பட்டச் சான்றிதழ், தினமும் சாப்பிடும் மருந்து, உங்கள் காலுக்குச் சரியாக இருக்கும் ஷூ, உங்கள் வீட்டையும் தெருவையும் காட்டும் படங்கள். பெட்டி முதலில் அவற்றுக்குத்தான். துணி, பாத்திரம், படுக்கை விரிப்பு எல்லாம் அதற்கு அப்புறம்.

பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். துணியில் ஆரம்பித்து இரண்டு பெட்டியையும் நிரப்பிவிட்டு, சான்றிதழ்களைக் கடைசி இரவில் ஓர் உறைக்குள் திணிக்கிறார்கள். இறங்கிய முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேட்பது அந்த உறையைத்தான்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். உங்களுக்கு முன் அதே வேலையில் இருந்தவருக்கு எழுதினால் மிக நல்லது. அவர் கிடைக்காவிட்டால் பள்ளியில் உங்களோடு தொடர்பில் இருப்பவருக்கு எழுதுங்கள். தங்கப்போகும் வீட்டில் போர்வை, தலையணை, பாத்திரம், சலவை இயந்திரம், ஹீட்டர் இருக்கின்றனவா? மாணவர்களுக்கு என்ன வயது, ஒரு வகுப்பில் எத்தனை பேர்? வகுப்பறையில் திரையோ புரொஜக்டரோ உண்டா? ஆசிரியர்கள் என்ன உடுத்திக்கொண்டு வருகிறார்கள்? முதல் சம்பளம் எந்தத் தேதியில் கைக்கு வரும்? இவற்றுக்குப் பதில் வந்துவிட்டால் பாதிப் பெட்டி தானாகவே காலியாகும். தயங்காமல் கேளுங்கள். முன்பு அங்கே இருந்தவர்கள் இந்தக் கேள்விகளுக்கு ஆசையாகவே பதில் எழுதுவார்கள்.

சரி, காகிதங்களுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே போய்ச் சரிசெய்வதற்கு மிகவும் சிரமமானது இதுதான். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கற்பித்தல் சான்றிதழ் (120 மணி நேர டெஃப்ல், செல்டா போன்றவை), குற்றப்பதிவு இல்லை என்ற காவல்துறைச் சான்று, கையெழுத்திட்ட ஒப்பந்தம், விசா தொடர்பான கடிதங்கள், தடுப்பூசிப் பதிவு. இவற்றை வெறுமனே எடுத்துப் போனால் போதாது. ஒரு நாடு கொடுத்த ஆவணத்தை இன்னொரு நாடு நம்ப வேண்டுமானால், அதில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று அதிகாரம் உள்ள ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். 1961-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே இதற்கு அபோஸ்டில் என்கிற ஒரே சான்று போதும். சேராத நாடு என்றால் முதலில் உங்கள் நாட்டு வெளியுறவுத் துறை, அடுத்து போகிற நாட்டின் தூதரகம் என்று படிப்படியாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

இந்த ஒப்பந்தம் சவுதி அரேபியாவில் 2022 டிசம்பரிலும் சீனாவில் 2023 நவம்பரிலும்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அந்த நாடுகளுக்கு முன்பு போனவர்கள் எழுதிவைத்த வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றாதீர்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு நாடு புதிதாகச் சேரும்போது ஏற்கெனவே உறுப்பினராக உள்ள நாடு ஆட்சேபம் தெரிவித்தால், அந்த இரண்டுக்கும் இடையே மட்டும் ஒப்பந்தம் செல்லாது. இரண்டும் உறுப்பு நாடுகள்தானே என்று நம்பி ஏமாறுவது இங்கேதான். இந்த ஒப்பந்தத்தைக் கவனித்துக்கொள்ளும் ஹேக் மாநாடு என்ற அமைப்பின் இணையதளத்தில் எந்த நாட்டுக்கு யார் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. உங்கள் சான்றிதழைக் கொடுத்த நாடு, நீங்கள் போகிற நாடு, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எந்த நாடு ஆவணத்தைக் கொடுத்ததோ அந்த நாட்டில்தான் அபோஸ்டில் கிடைக்கும். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்வதென்றால் கூரியரில் அசல் சான்றிதழை அனுப்பிவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும்.

வெளிநாட்டு மொழி ஆசிரியர்களுக்குத் தென்கொரியா கொடுக்கும் ஈ-2 விசாவை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழின் நகல், தேசிய அளவிலான குற்றப்பதிவுச் சான்று, இரண்டையுமே அபோஸ்டிலோடு கேட்கிறார்கள். குற்றப்பதிவுச் சான்று கடந்த ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். மிக முன்கூட்டியே வாங்கினாலும் சிக்கல், தாமதமாக வாங்கினாலும் சிக்கல். தேதியைக் கணக்குப் போட்டு விண்ணப்பியுங்கள்.

சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கும் என்று நினைத்துச் செய்துவிட்டால், அதன்மேல் முத்திரை குத்தவோ பின்புறம் சான்றொப்பம் இடவோ முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகம் உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்திருந்தால் அதைப் பிரிக்காமல் வைத்திருங்கள். கூடுதலாக இரண்டு உறைகள் வாங்கிவைத்தால், ஒப்பந்தம் முடிந்து வேறு பள்ளிக்கு மாறும்போது அருமை தெரியும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஓர் எழுத்து வித்தியாசப்பட்டாலும், இரண்டும் ஒருவரே என்பதற்கான பிரமாணப் பத்திரமோ திருமணச் சான்றோ கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் குறைந்தது ஒப்பந்தக் காலம் முழுதும், அதற்கு மேல் ஆறு மாதமும் செல்லுபடியாக வேண்டும். வெற்றுப் பக்கங்கள் போதுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகைப்படம் சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி கேட்பார்கள். அளவு நாட்டுக்கு நாடு மாறும். கொரியாவில் 3.5 க்கு 4.5 செ.மீ., சீன விசாவுக்கு 3.3 க்கு 4.8 செ.மீ. வெள்ளைப் பின்னணியில் எடுத்த நல்ல டிஜிட்டல் படம் ஒன்று இருந்தால் எந்த அளவிலும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் வையுங்கள்: இணையச் சேமிப்பில், பென் டிரைவில், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம். சீனாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே கூகுள் சேவைகள் தடுக்கப்பட்டிருக்கின்றன. கூகுள் டிரைவில் மட்டும் வைத்துவிட்டுப் போனால் தேவைப்படும் நேரத்தில் திறக்க முடியாது. ஜிமெயிலில் இருக்கும் ஒப்பந்தமும் அப்படித்தான். மடிக்கணினியிலேயே ஒரு பிரதி இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓட்டும் எண்ணம் இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கிளம்பும் முன் உங்கள் நாட்டிலேயே வாங்கிவிடுங்கள். இதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஜப்பான் 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கப்பட்ட அனுமதியைத்தான் ஏற்கும். 1968-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தப்படி வழங்கியது அங்கே செல்லாது. சீனா எந்தச் சர்வதேச அனுமதியையும் ஏற்பதில்லை. ஜப்பானின் கிராமப்புறப் பள்ளிகளில் வேலை கிடைத்தவர்களுக்குக் கார் இல்லாமல் நாள் ஓடாது, அதனால் இதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

அடுத்தது மருந்து. வழக்கமாகச் சாப்பிடும் மருந்து எதுவானாலும், போகிற நாட்டில் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தது என்பதால் அங்கேயும் செல்லும் என்று பொருள் இல்லை. ஜப்பானில் ஆம்ஃபெட்டமின் கலந்த கவனக்குறைபாட்டு மருந்துகளை, அடெரால் போன்றவற்றை, மருத்துவச் சீட்டு இருந்தாலும் கொண்டுபோக முடியாது. சளிக்காகச் சாதாரணமாக வாங்கும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதற்கும் தடை. அனுமதிக்கப்பட்ட மருந்தென்றாலும், மருத்துவர் எழுதித்தரும் வகை ஒரு மாத அளவுக்கு மேல் போனால் யுன்யு காகுனின்ஷோ என்கிற இறக்குமதிச் சான்றை முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கோடீன், டிராமடால் போன்ற வலிநிவாரணிகள் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுபோக முன்அனுமதி வேண்டும்.

மருந்தை அதன் அசல் பெட்டியிலேயே கொண்டுபோங்கள். வாரக் கிழமைகள் போட்ட சிறு டப்பாவில் கொட்டி எடுத்துப் போனால் அது என்ன மாத்திரை என்று சுங்கத்தில் யாருக்கும் தெரியாது. மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கும்போது கம்பெனி மருந்துக்கு வைத்த பெயரோடு அதன் மூலப்பெயரையும் அளவையும் எழுதச் சொல்லுங்கள். கம்பெனி வைத்த பெயர் நாட்டுக்கு நாடு மாறும், மூலப்பெயர் மாறாது. அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் அங்குள்ள மருத்துவரிடம் அதே மருந்தைத் தொடர்ந்து வாங்க முடியும். கொரியா போன்ற நாடுகளில் வந்து சேர்ந்ததும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் போதைப்பொருள் சோதனையும் உண்டு. கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்துவிட்டுப் போனால் வீண் குழப்பம். அப்போதும் இந்தக் கடிதம் கைகொடுக்கும்.

கண்ணாடி அணிகிறவர்கள் இன்னொரு ஜோடியும் கண் அளவுச் சீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்காசிய நகரங்களில் கண்ணாடி விரைவாகவும் நியாயமான விலையிலும் செய்து தருவார்கள், ஆனால் முதல் வாரம் கண்ணாடி உடைந்தால் கரும்பலகையே தெரியாது. பெண்கள் மாதவிடாய்க்குப் பழகிய பொருளை மூன்று மாதத்துக்காவது கொண்டுபோவது நிம்மதி. நாப்கின் எங்கும் கிடைக்கும், டாம்பூன் பல ஊர்களில் கிடைக்காது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் மருத்துவர் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வியர்வையைத் தடுக்கும் டியோடரன்ட் பழகியவர்கள் ஜப்பானிலும் கொரியாவிலும் அதே வலுவில் ஒன்றைத் தேடி அலைய வேண்டியிருக்கும், அதையும் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். ஷாம்பூ, சோப்பு, பற்பசை எல்லாம் இரண்டு வாரத்துக்குப் போதும்.

பணம், கைபேசி இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்று இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதல் சம்பளம் வர ஒரு மாதம் முதல் ஆறு வாரம் ஆகலாம். அதுவரை சாப்பாடு, போக்குவரத்து, வீட்டுக்குத் தேவையான சில்லறைப் பொருட்கள் எல்லாம் உங்கள் கைக்காசில்தான். பள்ளியே வீடு கொடுத்தால் சமாளித்துவிடலாம். நீங்களே வீடு பார்க்க வேண்டும் என்றால் கணக்கே வேறு. ஜப்பானில் வாடகை வீட்டுக்கு முன்பணம், வீட்டு உரிமையாளருக்குத் திரும்ப வராத ரெய்கின், தரகர் கட்டணம், முதல் மாத வாடகை எல்லாம் சேர்ந்து பல மாத வாடகைக்குச் சமமாகிவிடும். ஒப்பந்தத்தில் வீடு பற்றிய வரியைத் திரும்பப் படியுங்கள்.

இரண்டு வெவ்வேறு வங்கிகளின் அட்டைகளைத் தனித்தனி இடத்தில் வையுங்கள். வெளிநாட்டில் பயன்படுத்தப்போவதாக வங்கிக்குச் சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியம், சொந்த நாட்டு சிம் கார்டை ரத்து செய்யாதீர்கள். வங்கி, அரசு இணையதளம், மின்னஞ்சல் என்று எல்லாமே ஒருமுறைக் கடவுச்சொல்லை அந்த எண்ணுக்குத்தான் அனுப்புகின்றன. மிகக் குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றி, ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று சரிபார்த்து, உயிரோடு வைத்திருங்கள். கைபேசி வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்கும் வகையில் அன்லாக் செய்யப்பட்டிருக்க வேண்டும். இரண்டு சிம் போட முடிந்தால், அல்லது ஒன்று இ-சிம் என்றால் பிரச்சினையே இல்லை.

இனி வகுப்பறைக்கு வருவோம். பாடப்புத்தகம், மார்க்கர், காகிதம், கத்தரிக்கோல் எதையும் சுமக்க வேண்டாம். அவை பள்ளியில் இருக்கும், இல்லாவிட்டால் எழுதுபொருள் கடையில் இருக்கும். கிழக்காசிய நாடுகளில் அந்தக் கடைகளே ஒரு திருவிழா மாதிரி. தடிமனான இலக்கண நூல்களையும் மின்நூலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ எடையுள்ள நூலை ஆண்டில் நாலைந்து முறைதான் புரட்டுவீர்கள்.

நீங்கள் எடுத்துப் போக வேண்டியது உங்கள் வாழ்க்கையின் சின்னச் சின்னத் துண்டுகள். மொழி கற்பிப்பவர்கள் இதை ரியாலியா என்பார்கள், நிஜ வாழ்க்கையில் புழங்கும் பொருட்கள். உங்கள் நாட்டு நாணயங்கள், பேருந்துச் சீட்டு, ரயில் வரைபடம், உணவக மெனு, கடை ரசீது, துண்டுப் பிரசுரம், பழைய தபால் தலை, பள்ளி அடையாள அட்டை. மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு கோப்புக்குள் அடங்கிவிடும், எடை அரைக் கிலோ கூட வராது. ஆனால் ஒரு ரசீதை வைத்துக்கொண்டு எண், விலை, பொருட்களின் பெயர், வாங்குவது விற்பது பற்றிய உரையாடல் என்று ஒரு வாரத்துக்குப் பாடம் நடத்தலாம். பாடப்புத்தகத்தில் அச்சான மெனுவைக் கண்டுகொள்ளாத மாணவர், நிஜமான மெனுவைக் கையில் கொடுத்தால் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். இது என்ன, எப்படி இருக்கும், எவ்வளவு என்று கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் நாம் அங்கே போகிறோம்.

படங்களை அச்சிட்டே எடுத்துப் போங்கள். குடும்பம், வீட்டின் முன்பக்கம், சமையலறை, நீங்கள் படித்த பள்ளி, தினமும் போகும் தெரு, மழை நாள், சந்தை, வீட்டு நாய் அல்லது பூனை. அழகான சுற்றுலாப் படங்களைவிடச் சாதாரணப் படங்கள்தான் வகுப்பில் பேச வைக்கும். திரையில் போட்டால் எல்லோரும் பார்த்துவிட்டு அமைதியாக இருப்பார்கள். அச்சிட்ட படத்தைக் குழுக்களுக்குக் கொடுத்தால் கை மாறும், சண்டை நடக்கும், வாக்கியம் பிறக்கும். முதல் வாரம் எல்லா வகுப்பிலும் அறிமுகப் பாடம்தான் நடத்துவீர்கள். இதே படங்களை வைத்து, யார் இவர், எந்த ஊர், உண்மையா பொய்யா என்று ஊகிக்க வைத்தாலே அந்தப் பாடம் முடிந்துவிடும்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போகிறவர்கள் ஒரு கைப்பொம்மை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஆசிரியரைக் கண்டு பயந்து வாயே திறக்காத பிள்ளை, பொம்மையிடம் பேசும். மெத்தென்ற ஒரு பந்து, பகடைக் காய்கள், ஒரு சீட்டுக்கட்டு, இவை எந்த வயதினருக்கும் உதவும். ஒட்டுப்படங்கள் எவ்வளவு எடுத்தாலும் போதாது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள், வாரத்துக்கு இருபது வகுப்பு, வகுப்புக்கு முப்பது பேர் என்றால் ஆளுக்கு ஒன்று கொடுக்கவே 600 வேண்டும். அதனால் உங்கள் நாட்டுக்கே உரிய படங்கள் உள்ளவற்றைக் கொஞ்சம் மட்டும் சிறப்புப் பரிசாக எடுத்துப் போங்கள். மற்றவற்றை அங்கே வாங்கிக்கொள்ளலாம். ஆங்கிலப் படக்கதைப் புத்தகங்கள் மெல்லியதாக மூன்று நான்கு எடுத்தால் தகும். பெரியவர்களுக்கோ வணிகத் துறையினருக்கோ கற்பிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பத்தியை விட்டுவிட்டு, உங்கள் நாட்டுச் செய்தித்தாள் ஒன்றும் வேலை விளம்பரம் சிலவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினியை நிச்சயம் எடுத்துப் போங்கள். ஆசிரியர் அறையில் உள்ள கணினியின் விசைப்பலகையும் மெனுவும் அந்நாட்டு மொழியில்தான் இருக்கும். கூடவே யூஎஸ்பி-சி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் அடாப்டர் ஒன்று. பழைய வகுப்பறைகளில் இன்னும் விஜிஏ இணைப்புதான் இருக்கும், இரண்டும் உள்ள அடாப்டர் என்றால் மிக நல்லது. ஒலி, ஒளிப்பதிவு எதை வகுப்பில் பயன்படுத்துவதாக இருந்தாலும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் முப்பது பிள்ளைகள் காத்திருக்க, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும் வீடியோவைப் போலப் பாடத்தைக் கெடுப்பது வேறில்லை. உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றும் பயன்படும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. சார்ஜரின் மேல் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் எங்கும் வேலை செய்யும், முனையை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். ஜப்பானில் 100 வோல்ட், தைவானில் 110, கொரியாவிலும் சீனாவிலும் 220. தலைமுடி உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி, குக்கர் போன்ற சூடாகும் சாதனங்கள் பெரும்பாலும் ஒரே மின்னழுத்தத்துக்குச் செய்தவை. 220 வோல்ட்டுக்குச் செய்தது ஜப்பானில் மந்தமாகிவிடும், 110-க்குச் செய்தது கொரியாவில் எரிந்துவிடும். அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஜப்பானியச் சுவரில் பெரும்பாலும் இரண்டு துளைதான் இருக்கும், மூன்று முனைப் பிளக் உள்ளே போகாது.

துணி விஷயத்தில் நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: வெளியே உள்ள தட்பவெப்பத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், கட்டடத்துக்குள் எப்படி இருக்கும் என்று பாருங்கள். சீனாவில் வடக்கே பொது வெப்பமூட்டல் உண்டு, பெய்ஜிங்கில் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை வீடும் வகுப்பும் கதகதப்பாக இருக்கும். சின்லிங் மலை, ஹுவாய் ஆறு என்ற கோட்டுக்குத் தெற்கே அந்த வசதி கிடையாது. ஷாங்காயில் வெளியே பெய்ஜிங்கைவிடக் குளிர் குறைவு, ஆனால் உள்ளே நடுங்குவீர்கள். வியட்நாமின் ஹனோயும் அப்படித்தான், வெப்ப நாடு என்று நினைத்துப் பருத்திச் சட்டைகளோடு போனவர்கள் ஜனவரியில் திண்டாடுவார்கள். ஜப்பானியப் பள்ளிகளில் வகுப்பறையில் ஹீட்டர் இருந்தாலும் தாழ்வாரத்தில் இருக்காது. உடலோடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை இரண்டு ஜோடி இருந்தால் பெரிய கம்பளிக் கோட்டைச் சுமக்கத் தேவையில்லை. கோட்டை அங்கேயே வாங்கலாம்.

போய்ச் சேரும் மாதமும் முக்கியம். ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, ஆனால் வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு அழைக்கும் ஜப்பான் அரசின் ஜெட் திட்டத்தில் (1987 முதல் நடந்துவருகிறது) போகிறவர்களில் பெரும்பாலோர் ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ, கொளுத்தும் வெயிலில் இறங்குவார்கள். கொரியாவில் பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்குவதால் பிப்ரவரிக் குளிரில் போய் இறங்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு மாதத்துக்கான துணியை மட்டும் எடுங்கள். ஒரு முழு சூட், அல்லது அதற்கு இணையான முறையான உடை ஒன்று, தொடக்க விழாவுக்கும் முதல்வரைச் சந்திக்கவும் வேண்டும். மற்றபடி துவைத்து உலர்த்தி உடனே போடும்படியான நாலைந்து வேலை நாள் உடைகள் போதும். சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் தரையில் உட்கார்ந்து, குனிந்து, ஓடி, பெயின்ட்டைப் பூசிக்கொண்டு நடமாட வேண்டியிருக்கும். பச்சை குத்தியிருப்பவர்கள் அதை மறைக்கும் நீளமுள்ள கைச் சட்டையை மறக்காதீர்கள், பல பள்ளிகளில் வெளியே தெரியக் கூடாது என்பார்கள்.

ஷூவுக்குப் பெட்டியில் தாராளமாக இடம் கொடுங்கள். கிழக்காசியாவில் பெரிய கால்களுக்கு ஷூ கிடைப்பது கடினம். ஜப்பானில் பெண்களுக்குப் பொதுவாக 25 செ.மீ. வரையும், ஆண்களுக்கு 28 செ.மீ. வரையும்தான் கடைகளில் எளிதாகப் பார்க்கலாம். உயரமானவர்களுக்குப் பேன்ட், பருமனானவர்களுக்கு உள்ளாடை, இவற்றுக்கும் அதே கதை. ஜப்பானிலும் கொரியாவிலும் பள்ளிக்குள் நுழையும்போது வெளி ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே அணிய வேறொரு சுத்தமான ஜோடி மாட்ட வேண்டும். நாள் முழுதும் நிற்பது அந்த உள் ஷூவில்தான். அதனால் குதிகாலைத் தாங்கும், வழுக்காத, இதுவரை தெருவில் அணியாத ஒரு ஜோடியை அதற்கென்றே எடுத்துப் போங்கள். வெளியே போடுவது நாடா கட்டாமல் கழற்றி மாட்டும் வகையாக இருந்தால் நிம்மதி.

சக ஆசிரியர்களுக்குச் சிறு பரிசுகள் எடுத்துப் போவது நல்ல வழக்கம். தனித்தனியாகச் சுற்றிய மிட்டாய் அல்லது பிஸ்கட் என்றால் எல்லோர் மேசையிலும் ஒன்று வைக்கலாம். இறைச்சி கலந்தது எதுவும் வேண்டாம். ஜப்பான், கொரியா, தைவான் மூன்றிலும் கட்டுப்பாடு கடுமை. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் பரவிய இடங்களிலிருந்து பன்றி இறைச்சிப் பொருள் கொண்டுவந்து பிடிபட்டால், தைவானில் முதல் முறைக்கே 2,00,000 தைவான் டாலர் அபராதம். பழம், விதை, செடியும் வேண்டாம். மின்சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் அது சட்டவிரோதம்.

விட்டுவிட வேண்டியவை என்று பார்த்தால், துண்டு, படுக்கை விரிப்பு, பாத்திரம், குடை, ஹேங்கர், அச்சிட்ட நாவல்கள், 'ஒருவேளை தேவைப்படலாம்' என்று தோன்றுகிற எல்லாமும். ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன். உங்களுக்கு உண்மையாகவே பிடித்த பொழுதுபோக்கு ஒன்று இருந்தால், அதற்கான பொருளைச் சுமந்துகொண்டு போங்கள். புல்லாங்குழலோ, ஓவியப் பெட்டியோ, ஓட்டப்பயிற்சிக்கான ஷூவோ எதுவானாலும் சரி. மொழி தெரியாத ஊரில் முதல் நண்பர்கள் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வருவார்கள். மூன்றாம் மாதம் வேலை பழகிப்போய் வீட்டு ஏக்கம் தலைதூக்கும் சமயத்தில், மாலையில் கை வைக்க ஒன்று இருப்பது பெரிய ஆறுதல்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. பல விமான நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கு 23 கிலோ வரை அனுமதிக்கின்றன. கூடுதல் கட்டணம் கட்டினாலும் பொதுவாக ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. பெரிய பெட்டி ஒன்றைவிட நடுத்தரமானவை இரண்டு நல்லது, மாடிப்படியில் நீங்களேதான் தூக்க வேண்டும். ஜப்பானில் தக்யூபின் என்ற சேவை இருக்கிறது, விமான நிலையத்திலிருந்தே பெட்டியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கைப்பையோடு ரயில் ஏறலாம்.

கடைசியாகக் கைப்பை. பெரிய பெட்டி இரண்டும் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொண்டு இதை அடுக்குங்கள். அசல் ஆவணங்கள் எல்லாம், மருந்தும் மருத்துவர் கடிதமும், மடிக்கணினி, அடாப்டர், கண்ணாடி, போகிற நாட்டின் பணம் கொஞ்சம், படங்கள் உள்ள கோப்பு, வகுப்புக்குப் போகத் தக்க ஓர் உடை, மாற்று உள்ளாடை. பவர் பேங்க் பெரிய பெட்டியில் போகவே கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-அவர் வரை அனுமதி, 20,000 மில்லி ஆம்பியர்-அவர் என்று போட்டிருந்தால் அது ஏறத்தாழ 74 வாட்-அவர். 100 வாட்-அவரைத் தாண்டினால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். சீனாவில் 2025 ஜூன் 28 முதல், 3சி என்ற அந்நாட்டுப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை உள்நாட்டு விமானத்தில் ஏற்றுவதில்லை. பெய்ஜிங்கில் இறங்கி வேறு நகரத்துக்கு மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. கொரிய விமானங்களில் அதைத் தலைக்கு மேலுள்ள அடுக்கில் வைக்காமல் உங்களிடமே வைத்திருக்கச் சொல்வார்கள். அப்புறம், தங்கப்போகும் இடத்தின் முகவரியையும் உங்களை அழைத்துப்போக வருபவரின் தொலைபேசி எண்ணையும் அந்நாட்டு எழுத்திலேயே ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வையுங்கள். கைபேசி அணைந்திருந்தாலும் டாக்ஸி ஓட்டுநரிடம் அந்தத் தாளைக் காட்டலாம்.